சந்தனம் வைத்த குடுவை

எங்கள் கல்லூரியில் வேதியியலுக்கு மரியாதை கிடையாது. வேதியியல் ஆய்வகத்துக்கு உண்டு. பூசை போட்டால் பொட்டு வைப்பதற்கு அங்கேதான் நிறையச் சாமான் இருக்கிறது.

கல்லூரி நெய்வேலிக்கும் குள்ளஞ்சாவடிக்கும் நடுவில், முந்திரித் தோப்பை அழித்துக் கட்டியது. தாளாளர் முந்திரி வியாபாரத்திலிருந்து கல்விக்கு வந்தவர். பழைய தொழில் முறையை அவர் கைவிடவில்லை. பருப்பை எடுத்துக்கொண்டு ஓட்டுக்குப் பட்டம் கொடுத்து அனுப்பினார். அங்கே வேதியியல் துறைக்கு நான் பொறுப்புத் தலைவர். பொறுப்பு என்றால், தலைவருக்கு உரிய திட்டு எல்லாம் கிடைக்கும், சம்பளம் கிடைக்காது. தொகுப்பூதியம்.

குடியிருப்பது நெய்வேலி நகரியத்தில், என் மனைவியின் குவார்ட்டர்ஸில். அவள் நிலக்கரிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் பர்மனென்ட். எங்கள் பிளாக்கில் மனிதர்கள் இரண்டு வகை: பர்மனென்ட், கான்ட்ராக்ட். மூன்றாவதாக, பர்மனென்ட்டின் புருஷன் என்று ஒரு வகை உண்டு. எங்கள் தெருவில் அதில் நான் ஒருவன்தான். சங்கம் வைக்க ஆள் போதாது.

நான் நடத்துவது கரிம உலோக வேதியியல். கார்பனும் உலோகமும் நேரடியாகப் பிணைந்திருக்கும் சேர்மங்களைப் பற்றிய படிப்பு. பயமுறுத்துகிற பெயர்தான், ஆனால் நகரியத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். நடுவில் ஓர் உலோகம் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் ஈனிகள் என்கிற மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சில ஈனிகள் இறுகப் பிடித்திருக்கும், அசைக்க முடியாது. சில சும்மா சாய்ந்துகொண்டு நிற்கும். பலமான ஒன்று வந்தால் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகும். பெரும்பாலான உலோகங்களுக்குப் பதினெட்டு எலக்ட்ரான் சேர்ந்துவிட்டால் திருப்தி. அப்புறம் யாராவது காலி செய்தால்தான் அடுத்த ஆளுக்கு இடம். குவார்ட்டர்ஸ் அலாட்மெண்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் கடைசி பெஞ்சுவரை தலையாட்டும். யார் பர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்பதை அவர்களே அடையாளம் காட்டிவிடுவார்கள்.

கோட்பாடு இப்படி ஊரோடு ஒத்துப்போனது. செய்முறைதான் ஒத்துப்போகவில்லை.

எம்.எஸ்ஸி. செய்முறையில் ஒன்று உண்டு. மெக்னீசியச் சுருளை உலர்ந்த ஈதரில் போட்டு, புரோமோபென்சீனைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கார்பனும் புரோமினும் சேர்ந்திருக்கும் இடத்தில் மெக்னீசியம் நடுவே புகுந்து உட்காரும், லேபர் கான்ட்ராக்டர் மாதிரி. உட்கார்ந்ததும் கார்பனின் குணமே தலைகீழாகிவிடும். அதுவரை எலக்ட்ரானுக்குக் கையேந்திக்கொண்டிருந்தது, அதன்பிறகு அள்ளிக் கொடுக்கும். அந்தக் கொடைக்குணத்தை வைத்துத்தான் கார்பனோடு கார்பனை ஒட்டவைத்து மருந்தும் வாசனைத் திரவியமும் செய்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான். தண்ணீர் ஆகாது. கண்ணாடியில் படிந்த ஈரம்கூட ஆகாது. வள்ளல் முதலில் கண்ட தண்ணீரிடமே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும்.

நெய்வேலிக்காரனுக்கு இது புரியாத சங்கதி இல்லை. இங்கே நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இராப்பகலாகப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். தண்ணீரை விரட்டிப் பிழைக்கிற ஊர். எங்கள் ஆய்வகத்தில் மட்டும் மாவிலை கட்டி வரவேற்றோம்.

முக்கியமான நாள் எதுவானாலும் காலையில் ஆய்வகத்தைக் கழுவிவிடுவார்கள். கண்ணாடிச் சாமான்களை அலம்பி, சொட்டச் சொட்ட அடுக்குவார்கள். பிறகு தாளாளர் பூசைக்கு வருவார். சுரங்கத்தில் மாடி வீட்டைவிடப் பெரிதாக நிற்கிற வெட்டு இயந்திரத்துக்கே ஆயுத பூசை அன்று சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுகிறார்கள். அது இரும்பு, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அதைப் பார்த்து வளர்ந்த தாளாளர் குடுவைக்கும் வைத்தார். வாய் திறந்திருந்த சாமான் எல்லாவற்றிலும் தீர்த்தத்தைத் தெளித்தார். வினை ஒருமுறைகூடத் தொடங்கியதில்லை. காற்றின் ஈரத்தைக் குறை சொன்னோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசியைச் சொன்னோம். ஈதர் விற்றவனைச் சொன்னோம். மாவிலையை மட்டும் யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் குடும்பம் இருந்தது.

வெளித் தேர்வாளருக்குக் காட்ட ஒரு புட்டி வைத்திருந்தோம். வினை நடந்திருந்தால் கடைசியில் கிடைத்திருக்க வேண்டிய வெள்ளைப் பொடி, கடையில் வாங்கியது. மாணவன் அதைக் கொஞ்சம் கண்ணாடித் தட்டில் வைத்துக் காட்டுவான், மதிப்பெண் வாங்குவான், பொடி புட்டிக்குத் திரும்பிவிடும். எங்கள் துறையில் என்னைவிடச் சீனியர் அந்தப் பொடிதான். பணி நிரந்தரமும் அதற்கு மட்டும்தான் இருந்தது.

இதில் வந்து மாட்டிக்கொண்டவர் எங்கள் துறையின் உதவிப் பேராசிரியை. பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். இவரும் என்னைப் போலவே தொகுப்பூதியம். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். இரண்டு கான்ட்ராக்ட் ஊழியர்கள் ஒருவரையொருவர் இவ்வளவு மரியாதையாக அழைத்துக்கொள்வதைப் பார்த்தால் கல்லூரி நன்றாக நடக்கிறது என்று வெளியாள் நினைத்துக்கொள்வான்.

எம்.எஸ்ஸி.க்குத் தற்காலிக அனுமதிதான் இருந்தது. அதை நீட்டிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருவதாகச் சேதி வந்தது. குழுவில் ஒரு பேராசிரியர், போகிற இடத்தில் எல்லாம் ஒரு செய்முறையை நேரில் செய்துகாட்டச் சொல்வாராம். அதிலும் இந்த மெக்னீசிய வினையைத்தான் கேட்பாராம். பொடியைக் காட்டினால் பார்க்கவே மாட்டாராம், குடுவையைத் தொட்டுப் பார்ப்பாராம். வினை நடந்தால் அடுப்பில்லாமலே குடுவை சூடேறும். எங்கள் புட்டிக்கு அந்தத் திறமை இல்லை.

தாளாளர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார்.

"யாரு செய்யறது அத?"

நான் ஜன்னல் வழியாக, மிச்சமிருந்த முந்திரி மரத்தைப் பார்த்தேன்.

"நான் செய்யறேங்கய்யா" என்றார் மேடம். "அப்டியே எம்போஸ்ட்டு விசயம் ஒண்ணு கேக்கணுங்க."

"கமிட்டி பாஸ் பண்ணிட்டுப் போவட்டும்மா. மறுநாளே பர்மனென்ட் ஆர்டரு. நான் சொன்னா சொன்னதுதான்."

அது உண்மை. அவர் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

வெளியே வந்ததும் கேட்டேன். "எதுக்கு மேடம் இந்த வம்பு? அன்னைக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லியிருக்கலாம்."

"வூட்ல ரெண்டு பேருமே கான்ட்ராக்ட் சார். டெண்டரு மாறுனா அவருக்கு வேல இருக்குமான்னு தெரியாது. ஜூன் மாசம் வந்தா எனக்கு இருக்குமான்னு தெரியாது. ஒருத்தராவது பர்மனென்ட் ஆவணும். வூடு கட்டறதுக்கு பேங்க்ல போயி நின்னா, ரெண்டு பேரு சர்ட்டிபிகேட்டையும் பாத்துட்டு மேனேஜரு டீ மட்டும் சொல்றாரு."

"வினை நடக்காதே."

"ஏன் நடக்காது? தண்ணி படலன்னா நடக்கும்."

"பூசை?"

"அதுக்குத்தான் சார் ஒரு யோசனை வெச்சிருக்கேன்."

யோசனை எளிமையானது. ஆய்வகத்தில் மூன்று கழுத்துள்ள பெரிய குடுவை ஒன்று சும்மா கிடந்தது. அதை ஸ்டாண்டில் ஏற்றி, ஆவியைக் குளிரவைக்கிற கண்டன்சர் குழாயில் இருப்பதிலேயே நீளமானதைப் பொருத்தி, மேசைக்கு நடுவில் நிறுத்துவது. தெளிக்கிறவர் கை தானாக அங்கேதான் போகும். உண்மையான வினைக்கு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னக் குடுவை. அது சூட்டடுப்புக்குள் காய்ந்துகொண்டிருக்கும்.

"சாமிக்கு ஒண்ணு, மெக்னீசியத்துக்கு ஒண்ணு" என்றார் மேடம். "ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல."

என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. படித்தவனுக்கு உரிய இகழ்ச்சியோடு இதை வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சரி, இதுல நீங்க என்ன செய்யப்போறீங்க?"

"கற்பூரம் கொளுத்தாம பாத்துக்கணும். ஈதர் பக்கத்துல நெருப்பு காட்டினா ஆய்வகமே போயிடும்."

"அப்ப அதையாவது ஒழுங்கா செய்யுங்க" என்றாள். எங்கள் வீட்டில் என்மேல் வைத்திருக்கிற நம்பிக்கைக்கு இதுதான் அளவு.

குழு வருகிற அன்று காலை வழக்கம்போல ஆய்வகம் தெப்பக்குளமாக இருந்தது. மேடம் ஈதரைப் பக்கத்துச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். இருந்தாலும் எனக்கு மூக்கில் வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. பயத்தின் வாசனையாகவும் இருக்கலாம். தாளாளர் பட்டு வேட்டியில் வந்தார். கூடவே குருக்கள், தட்டு, கற்பூரம்.

"அய்யா, கற்பூரம் மட்டும் வேண்டாம்" என்றேன்.

"கற்பூரம் இல்லாம என்னாய்யா பூசை?"

"பக்கத்து அறையில ஈதர் இருக்குங்க. அந்த ஆவி தரையோட தவழ்ந்து வரும். நெருப்பு பட்டா பிடிச்சுக்கும்."

"சாமிக்குக் காட்டற நெருப்பு ஒண்ணும் செய்யாது. நீ எல்லாம் படிச்சுக் கெட்டுப்போயிட்டய்யா."

குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெளி வாசல்ல வெச்சுக் காட்டிடலாங்க. அதுவும் விசேஷம்தான். எனக்கு வடலூர்ல ஒரு கிரகப்பிரவேசம் இருக்கு." அன்று அந்த அறையில் அறிவியல் மனப்பான்மையோடு இருந்தவர் அவர்தான்.

பெரிய குடுவைக்குச் சந்தனம், குங்குமம். கண்டன்சருக்குச் சாமந்தி மாலை. தீர்த்தத்தைத் தெளிக்கிற வேலையைத் தாளாளர் குருக்களிடம் விடுவதில்லை. மாவிலையைத் தாமே வாங்கி, மூன்று கழுத்து வழியாகவும் தாராளமாக உதறினார். குடுவையின் அடியில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. சூட்டடுப்புக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். வெளிக்கதவில்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டோம். மேடம் கண்ணை மூடிக் கும்பிட்டார். நாடகமாடுகிறார் என்று முதலில் நினைத்தேன். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

குழு சாப்பிட்டுவிட்டு வந்தது. முந்திரி போட்ட எதுவெல்லாம் உண்டோ அதுவெல்லாம் இலையில் இருந்ததால், உறுப்பினர்களில் இருவர் ஆய்வகத்தைப் பார்ப்பதைவிட நாற்காலியைப் பார்ப்பதில் ஆர்வமாக இருந்தார்கள். அந்தப் பேராசிரியர் மட்டும் நேராக மேசைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். மாலையைப் பார்த்தார்.

"இதுலயா செய்யப்போறீங்க?"

"ஆமாங்கய்யா, இதுலதான்" என்றார் தாளாளர்.

"அது பார்வைக்கு வெச்சது சார்" என்றார் மேடம். "இதுல செய்யறேன்."

சூட்டடுப்பிலிருந்து எடுத்து ஈரம் புகாத கண்ணாடிக் கலத்தில் ஆறவைத்திருந்த சின்னக் குடுவையைக் கொண்டுவந்தார். மெக்னீசியச் சுருளைப் போட்டார். ஒரு துணுக்கு அயோடின். சோடியக் கம்பி போட்டு நாள்கணக்கில் உலரவைத்த ஈதர். புரோமோபென்சீனில் கொஞ்சம். ஈதர் அயோடினால் பழுப்பு நிறமானது. வினை தொடங்கினால் அந்த நிறம் மறைய வேண்டும்.

மறையவில்லை.

எல்லோரும் குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வினை அப்படித்தான், தொடங்குவதற்குமுன் மூச்சுக் காட்டாது. மெக்னீசியத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடுத் தோல் இருக்கும், அது கிழிகிறவரை உள்ளே இருப்பது வெளியே வராது. புத்தகத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். நேரில் நின்றால் தெரியும், அது ஒரு வரி இல்லை. பேராசிரியர் குடுவையின்மேல் விரலை வைத்தார், எடுத்தார். நான் பொடிப் புட்டி இருக்கிற அலமாரியைப் பார்த்தேன். என் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்தது.

தாளாளர் மேடத்தின் காதருகே போனார். "தீர்த்தம் பட்ட குடுவைய வுட்டுட்டு எதயோ எடுத்தா இப்டித்தான். பெருச எடும்மா."

மேடம் கண்ணாடிக் கோலை உள்ளே விட்டு ஒரு சுருளை அழுத்தி நசுக்கினார். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் குடுவையைப் பொத்திக்கொண்டார், சூடான டம்ளரைப் பிடிப்பது போல. பழுப்பு வெளிறியது. சுருளைச் சுற்றி மேகம் போலக் கலங்கியது. ஒரு குமிழி. இன்னும் சில. பிறகு அடுப்பில்லாமல், யாரும் ஊதாமல், ஈதர் தானாகக் கொதித்தது.

பேராசிரியர் மறுபடியும் விரலை வைத்தார். "ம். சூடு." கிளம்பினார்.

குழு அனுமதியை நீட்டித்தது. மறுநாள் ஆர்டர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மேடம் போய்க் கேட்டார், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு.

"பாக்கலாம்மா, அடுத்த வருசம் ஆவட்டும்" என்றார் தாளாளர். "நீ என்னா செஞ்ச, சொல்லு. இத்தினி வருசமா நடக்காதது அன்னைக்கு நடந்துச்சின்னா தீர்த்தம் நடத்துச்சி. காசியிலேந்து வந்தது அது."

"சின்னக் குடுவையில தீர்த்தம் படலீங்கய்யா. பட்டிருந்தா நடந்திருக்காது."

"நான்தான் ரூம் பூரா தெளிச்சனே."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாளைக்கு லேபுக்கு வாங்கய்யா. நான் மறுபடி செய்யறேன். நீங்களே உங்க கையால தீர்த்தத்த ஊத்துங்க. என்னா ஆவுதுன்னு பாருங்க."

வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "தண்ணி பட்டா செத்துப்போவும்னு கண்ணால பாத்தா ஒத்துக்குவாருல்ல சார்? தண்ணி படாம நான் காப்பாத்துனதுதான் வேலைன்னு புரிஞ்சிடும்."

கண்ணால் பார்த்தால் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிற ஒருவர் எப்படி இத்தனை வருடம் இந்தக் கல்லூரியில் இருந்தார் என்று வியந்தேன். சொல்லவில்லை. மேலே இருப்பவர்களை மனசுக்குள் இகழ்வது என் நெடுநாளைய பொழுதுபோக்கு. செலவில்லாதது.

மறுநாள் தாளாளர் செம்பில் தீர்த்தத்தோடு வந்தார். மேடம் ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு, கண்டன்சர் பொருத்திய சின்னக் குடுவையைப் பனிக்கட்டித் தட்டில் நிறுத்தியிருந்தார். உள்ளே வினை முடிந்து, மெக்னீசியம் கரைந்து, அழுக்குப் பழுப்பில் அமைதியாக இருந்தது, பார்த்தால் ஆறிப்போன டீ.

"கொஞ்சமா ஊத்துங்கய்யா. ஊத்திட்டு பின்னால வந்துடுங்க."

அவர் பூசை உத்தரணியால் ஒரு கரண்டி எடுத்துக் கண்டன்சர் வாய் வழியாக ஊற்றினார்.

புஸ்ஸென்று சீறியது. ஈதர் பொங்கிக் கண்டன்சருக்குள் ஏறியது. பழுப்பு எல்லாம் மறைந்து தயிர் போல வெள்ளையாகத் திரண்டது. பனிக்கட்டிமேல் நின்றுகொண்டே கொதித்தது. வள்ளல் செத்துக்கொண்டிருந்தது. அதன் சாவில் ஓர் ஆரவாரம் உண்டு.

"பாத்தீங்களாய்யா" என்றார் மேடம். "தண்ணி பட்டதும் முடிஞ்சிபோச்சு. இது இனிமே எதுக்கும் ஆவாது."

தாளாளர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இரண்டு கையும் தலைக்கு மேலே போயிருந்தது.

"வெறும் தண்ணிதான் ஊத்தனேன்" என்றார். "ஐசு மேல வெச்சும் கொதிக்குது. நெருப்பு இல்ல, ஒண்ணும் இல்ல."

"அய்யா, அது கெட்டுப்போனதோட..."

"பேசாதம்மா." என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு கையில என்னமோ இருக்குதுய்யா. அன்னைக்கு அது கை வெச்சப்புறந்தான கொதிச்சுது? இத வுட்டா வேற காலேஜிகாரன் தூக்கிக்கினு பூடுவான். ஆபீஸ்ல சொல்லு, நாளைக்கே ஆர்டர் அடிச்சாவணும்."

மேடம் வாயைத் திறந்தார். அவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் மிகவும் விரும்பினேன், சொன்னால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவர் வெள்ளையாகத் திரண்டு கிடந்த குடுவையைப் பார்த்தார். இன்னும் கையை இறக்காமல் நின்ற மனிதரைப் பார்த்தார்.

"சரிங்கய்யா" என்றார்.

தாளாளர் போனபிறகு, நான் பல நாளாகக் கூர்தீட்டி வைத்திருந்த குரலில் சொன்னேன்: "அறிவியலுக்கு இன்னைக்கு நல்ல நாள் மேடம்."

அவர் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "நான் ரெண்டு தடவ சொன்னேன் சார். அவரு காதுல வாங்கல. மூணாவது தடவ சொல்றதுக்கு நீங்கதான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தீங்களே."

என் பதில்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பும்போது, நகரியத்து ஆர்ச் கேட் தாண்டியபிறகுதான் வரும். அன்று அங்கேயும் வரவில்லை.

ஆர்டர் வந்தது. பேங்க் மேனேஜர் இந்த முறை உட்காரச் சொன்னாராம். இப்போது கிராமத்தில் மேடத்தின் வீட்டுக்குக் கூரைக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் அந்த வினை வருடா வருடம் நடக்கிறது. உண்மையாகவே நடக்கிறது. பெரியதைக் கும்பிட்டுவிட்டுச் சின்னதில் செய்வது என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள், எந்தச் செய்முறைக் கையேட்டிலும் அது இல்லை. பொடிப் புட்டியை யாரும் தொடுவதில்லை. மூடி இறுகிப்போயிருக்கிறது. அதைப் பார்க்கிறபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஓய்வுபெற்ற சக ஊழியரைப் பார்ப்பதுபோல.

நான் இன்னும் பொறுப்புத் தலைவர், இன்னும் தொகுப்பூதியம். பூசை நாளில் மாலை வாங்கிவரும் பொறுப்பும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. இந்த வருடம் குள்ளஞ்சாவடி சந்திப்பில் பூக்கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மேடம் போன் செய்தார்.

"சார், போன வருசம் மாதிரி சின்னதா வாங்கிடாதீங்க. கண்டன்சர் பூரா மறையணும். இல்லன்னா அய்யா தீர்த்தத்தோட சின்னதத் தேடுவாரு."

பெரியதாகவே வாங்கினேன்.